ஊசி பட்ட கோடி

1

"அம்மிணி, நான் அனுப்பிச்ச அந்தச் சீலைய எடுத்து வெளிய வெச்சிரு. திதியன்னிக்கு நானே என் கையால போட்டுடறேன்" என்றார் அண்ணன், சென்னிமலையிலிருந்து. அவருக்குப் பின்னால் பேருந்து ஹாரன் கேட்டது. நடத்துநர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவர் போன் பேச பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போகிறார்.

"சரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டு பீரோவைத் திறந்தேன். என் கணவர் இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. அண்ணன் அனுப்பிய பார்சல் கீழ்த்தட்டில், கல்யாணத்தின்போது ஊரிலிருந்து கொண்டுவந்து இந்த மலேசியாவில் ஒரு நாளும் தேவைப்படாத கம்பளிக்கு அடியில் இருந்தது. பிரிக்காமலே வைத்திருந்தேன். இப்போது கம்பளி மட்டும் இருந்தது.

மகள் ரூபிணியின் தையல் அறைக்குப் போனேன். கூரியர் உறை அங்கே மேசைமேல் கிடந்தது. அண்ணனின் கையெழுத்தில் 'மல்லிகா, ரந்தாவ்' என்று மேலே. உள்ளே ரூபிணியின் காகித அளவு வெட்டுகள். துணியைக் காணோம். மேசையடிக் கூடையில் கடுகு மஞ்சளும் மெரூனுமாக வெட்டுத் துண்டுகள்.

அதைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. சில நாட்களாகக் கூடத்தில் தையல் பொம்மைமேல் ஒரு கவுன் நிற்கிறது. அதே கடுகு மஞ்சளில் மெரூன் கட்டம். வெள்ளைக் காலர், முன்னால் பெரிய பொத்தான்கள், முழங்காலுக்குச் சற்றுக் கீழே விரியும் பாவாடைப் பகுதி. போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். 'நல்ல துணி, எங்கே பிடித்தாள்' என்றுகூட நினைத்தேன்.

எனக்குத் திக்கென்று ஆகவில்லை. இந்த ஒரு வருடமாக எதற்கும் அப்படி ஆவதில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல இருக்குமே, அப்படித்தான் இருக்கிறேன். போய் அரிசி களைந்தேன்.

2

ஊரில் இருக்கும் உங்களுக்குக் கோடி என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. புருஷன் செத்த பெண்ணுக்குக் கருமாதியன்று பிறந்த வீட்டார் கொண்டுவந்து தலைமேல் போடுகிற புதுச் சேலை. தண்ணீர் படாதது, கத்தரி படாதது, ஊசி படாதது. 'உனக்கு நாங்கள் இருக்கிறோம்' என்று வாயால் சொல்லத் தெரியாதவர்கள் துணியால் சொல்வது.

எனக்கு அது போடப்படவில்லை. அவர் ஒரு காலையில் பசியாறுவதற்கு நாசி லெமாக் வாங்கி வருகிறேன் என்று மோட்டோரை எடுத்துக்கொண்டு போனார். தோட்டத்துச் செம்மண் பாதை ரந்தாவ் சாலையில் ஏறும் இடத்தில், செம்பனை மரத்தடியில் மோட்டோரை நிறுத்திவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். மோட்டோருக்கு ஸ்டாண்ட் ஒழுங்காகப் போட்டிருந்தது. சாவியையும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

அண்ணனின் பாஸ்போர்ட் காலாவதியாகி இருந்தது. புதுப்பிக்க அவர் அலைந்த அலைச்சலில் கருமாதி முடிந்துவிட்டது. முன்கூட்டியே அவர் அனுப்பிய சேலை இங்கே சுங்கத்தில் நின்றது. கருமாதியன்று பண்டாரம், "பொறந்த வூட்டுக் கோடி யாருங்க?" என்று கேட்டார். எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். பிறகு அவர் மெதுவாக, "சரி, அடுத்ததுக்குப் போவோம்லா" என்றார். பார்சல் வந்தபோது கருமாதிக்கு வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். அதைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை.

அடுத்து அலுவலகங்கள். பதிவு அலுவலகத்தில் அவருடைய ஐசி அடையாள அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கவுண்டரில் இருந்த பெண் மலாயில் ஏதோ கேட்டாள். என் கணவர் இந்தத் தோட்டத்து எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறார் என்றேன், இன்னும் செய்துகொண்டிருப்பவரைப் போல. பக்கத்தில் நின்ற ரூபிணி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள்தான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டவள் வெகுநாள் வெளியே வரவில்லை.

3

ரூபிணிக்கு இருபத்து நான்கு வயது. செண்டாயானில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருந்தாள். அப்பா போன பிறகு வேலைக்குப் போகவில்லை. சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்தால் பாதி எடுப்பாள், பாதி எறும்புக்கு. டாக்டரிடம் காட்டலாமா, கோயிலுக்குக் கூட்டிப் போகலாமா, யாரைக் கேட்பது என்று நான் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

ஒரு நாள் என் கணவரின் அக்கா சரோஜா அண்ணி சிரம்பானிலிருந்து பழைய போட்டோ ஆல்பத்தோடு வந்தார். தோட்டத்து லயன் வீட்டு முன்னால் இளம்பெண்ணாக அவர் நிற்கிற படம். பெரிய புள்ளிகள் போட்ட கவுன், தூக்கிக் கட்டிய கொண்டை, வெள்ளைச் சட்டம் போட்ட கூலிங் கிளாஸ்.

"இந்தக் கவுன போட்டுக்கிட்டு கோயிலுக்குப் போனேன். மண்டோரு பாத்துட்டு எங்கப்பாகிட்ட போட்டுக் குடுத்துட்டான். அன்னிக்கு வாங்குன ஏச்சு இருக்கே, அலாமா!" என்றார் அண்ணி. மண்டோர் என்றால் தோட்டத்து மேஸ்திரி.

அண்ணியின் குரல் கேட்டு அறையை விட்டு வந்த ரூபிணி அந்தப் படத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள். "இந்தக் காலரு எப்படி அத்தை நிக்குது?"

"உள்ள கேன்வாஸ் துணி வச்சிருப்பாங்க. ஏன், ஒனக்கு வேணுமா?"

அந்த வாரமே லுக்குட்டுக்குப் போய் பண்டில் கடையிலிருந்து ஒரு மூட்டை அள்ளி வந்தாள். வெளிநாட்டுப் பழைய துணிகள் மூட்டையாக இறங்கும் கடைகளை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். மற்றவர்கள் அங்கே சட்டை தேடுவார்கள். இவள் திரைச்சீலையும் மேசை விரிப்பும் தேடினாள், அகலம் கிடைக்கும் என்பதால். ஜிப்பைப் பிரித்துத் தனியே எடுப்பாள், பொத்தான்களை மைலோ டின்னில் போடுவாள். பழைய பாத்தேக் சாரோங் கைலியில் பெரிய காலர் சட்டை, யாருடைய வீட்டுத் திரையிலோ பெல்பாட்டம். அப்பாவின் சாமான் அறை தையல் அறையானது. மெஷின் சத்தம் கேட்ட முதல் நாள் அவள் வெளியே வந்து மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

இங்கே கம்பெனிகள் ஆண்டு விருந்தை 'ரெட்ரோ' என்று வைப்பது வழக்கம். எல்லாரும் பழைய காலத்து உடையில் வர வேண்டும். பழைய அலுவலகத் தோழிகள் ஒவ்வொருவராக அவளிடம் வந்தார்கள்.

சில வாரங்களுக்கு முன் பீரோ முன்னால் நின்று கேட்டாள். "ம்மா, ஒன் பழைய சாரிங்கள நான் எடுத்துக்கவா?"

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "எதை வேணா எடுத்துக்கோ" என்றேன்.

வெள்ளையாக இருந்திருந்தால் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கும். இங்கே பிறந்தவளுக்கும் அது தெரியும். எங்கள் பக்கம் கோடி என்றால் வெள்ளைதான் எடுப்பார்கள். அண்ணன் வெள்ளை எடுக்கவில்லை. எங்கள் சின்ன வயதில் பெண்கள் கட்டுவார்களே, அந்தப் பெரிய கட்டம் போட்ட பருத்திச் சேலையைத் தேடிப் பிடித்திருக்கிறார். பார்சல் வந்ததையே நான் இவளிடம் சொல்லியிருக்கவில்லை. மாமா எப்போதோ அனுப்பிய அசல் பழசு என்று நம்பிவிட்டாள்.

4

சரோஜா அண்ணியிடம் மட்டும் சொன்னேன். கவுனைச் சுற்றி வந்து பார்த்தார். "ஐயோ, என்னா அழகா தச்சிருக்கா" என்றவர் உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

"அவகிட்ட சொல்ல வேணாம் அண்ணி. சொன்னா மறுபடியும் கதவைச் சாத்திக்குவா."

"சொல்லாத. ஒங்கண்ணனுக்கு வேற சாரி வாங்கி வச்சிடுவோம். ஆம்பளைக்கு என்னா தெரியப் போவுது? எல்லாம் கட்டம்தானே."

"எங்கண்ணனுக்குத் தெரியும்."

என்னுடைய முதல் தாவணியை அண்ணன்தான் எடுத்துக் கொடுத்தார், வேலைக்குச் சேர்ந்த புதிதில். ஈரோட்டுக் கடையில் ஒவ்வொரு துணியாக வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் விரித்துப் பார்ப்பார். கடைக்காரர் பின்னாலேயே ஓடி வருவார். 'டியூப்லைட்டுல எல்லாத் துணியும் பொய் சொல்லும்' என்பார் அண்ணன். அப்படி எடுத்த துணியை அவர் மறக்க மாட்டார்.

ஆனாலும் அண்ணி என்னைச் சிரம்பானுக்குக் கூட்டிப் போனார். கடைப்பெண், "விசேஷமாக்கா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். எடுத்த சேலையில் மஞ்சளும் மெரூனும் ஏறக்குறைய அதேபோல இருந்தன. பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது என்ன வாங்கினோம் என்பதே எனக்கு நினைவில்லாமல் இருந்தது.

5

அண்ணன் சனிக்கிழமை காலையில் வந்து இறங்கினார். மறுநாள் திதி. சனிக்கிழமை இரவே செண்டாயான் தொழிற்சாலையின் விருந்து. அந்தக் கவுனை ரூபிணியின் தோழி நூருல் மாலையில் வந்து வாங்கிக்கொள்வதாக இருந்தது.

அண்ணன் வந்தபோது ரூபிணி குறைந்த ஒரு பொத்தானை வாங்க லுக்குட்டுக்குப் போயிருந்தாள். செருப்பைக் கழற்றி உள்ளே வந்தவர் கூடத்தின் நடுவில் நின்றுவிட்டார். பிறகு தையல் பொம்மையை இடுப்பில் பிடித்து அப்படியே வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனார். வெயிலில் நிறுத்தி, பாவாடையின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"ஆரு தெச்சது?"

"ரூபிணிங்கண்ணா. அவளுக்குத் தெரியாது. நானும் பிரிச்சுப் பாக்கல."

அவர் பொம்மையைத் திருப்பிக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தார். குழாயடியில் போய் முகம் கழுவினார். துண்டை வெகுநேரம் முகத்திலேயே வைத்திருந்தார்.

"மாப்பிள்ளைக்கு இந்தப் புள்ளைன்னா உசுரு" என்றார் கடைசியில். "தெரிய வேண்டாம் உடு. தெச்சது தெச்சதுதான், போகட்டும். வேற சீலை வாங்கி வெச்சிருக்கறயல்ல? அதையே போட்டுடறேன்."

அந்தச் சேலையைக் காட்டினேன். அதை அவர் வாசலுக்குக் கொண்டு போகவில்லை.

ரூபிணி வந்து, "மாமா!" என்று கட்டிக்கொண்டாள். "எப்படி இருக்கு பாருங்க. உங்க ஊரு துணிதான். எழுபதுல இப்படித்தானே போட்டாங்க?"

"எழுபதுல எங்கூர்ல இப்படிப் போட்டுட்டு வந்தா பஸ்ஸே நின்னு போயிருக்கும் கண்ணு" என்றார். அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். நான் சாம்பாருக்குப் புளி கரைத்தேன்.

மாலையில் நூருல் வந்தாள். மோட்டோரை நிறுத்திவிட்டு வாசலில் நின்றே, "சந்தேக்ஞா!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அவ்வளவு அழகாம். ரூபிணி கடைசிப் பொத்தானைத் தைத்து முடித்திருந்தாள். கையில் பையைத் திறந்து பிடித்துக்கொண்டு, "மாமா, அத கொஞ்சம் எடுத்துக் குடுங்க, கசங்காம" என்றாள்.

அண்ணன் கவுனைப் பொம்மையிலிருந்து கழற்றினார். ஒருமுறை உதறினார். பிறகு இரண்டு முன்னங்கைகளையும் நீட்டி, அதன்மேல் அதைக் கிடத்திக்கொண்டு நடந்தார். தட்டம் இல்லாதபோது ஆண்கள் கோடியைக் கொண்டுவருவது அப்படித்தான். எங்கள் அப்பா இறந்தபோது அம்மாவுக்கு என் மாமன் கொண்டுவந்ததும் அப்படித்தான். அண்ணனுக்கு அது தெரியவில்லை. கைகள் தாமாக அப்படிப் பிடித்துக்கொண்டு போயின. என்னைத் தாண்டி, வாசலில் நிற்கிற வேறொரு வீட்டுப் பெண்ணை நோக்கி.

"குடுக்காதீங்க" என்றேன்.

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"ஏம்மா?" என்றாள் ரூபிணி.

"அது எனக்கு வந்தது. அப்பாவுக்கு அப்புறம் மாமா அனுப்பின கோடி அது. தலைமேல போடறதுக்கு. யாரும் போடல."

ரூபிணியின் கையிலிருந்த பை மெல்ல மூடிக்கொண்டது. முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு முகம் வெளுத்தது.

"அப்பா சாவுக்கு வந்த துணியவா நான் பாட்டுக் கேட்டுக்கிட்டே வெட்டுனேன்?"

"கண்ணு..." என்றார் அண்ணன்.

"நான் கேட்டேன்தானே, ம்மா? எடுத்துக்கோன்னு சொன்னியே. ஏன் சொன்னே? ஒரு வருஷமா எதக் கேட்டாலும் சரி, சரி, சரி. நான் வீட்ட வித்துட்டேன்னு சொன்னாக்கூட நீ சரின்னுதான் சொல்லுவே!"

நூருலுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் துணியையும் அண்ணனின் கைகளையும் பார்த்தாள். "அர்வா அயா?" என்று மெதுவாகக் கேட்டாள். இறந்த அப்பாவுடையதா என்று. ரூபிணி தலையாட்டினாள். நூருல் கையைத் தன் நெஞ்சில் வைத்து, பரவாயில்லை, தன் அம்மாவின் கல்யாணக் காலத்து பாஜு கூரோங் உடை வீட்டில் இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்கிறேன் என்றாள். என் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துவிட்டுப் போனாள்.

ரூபிணி அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது. எனக்குப் பயமாக இருந்தது. பயம் என்று தெரிந்ததே பெரிய விஷயம்.

6

காலையில் பண்டாரம் வந்து இலை போட்டு, படத்துக்கு மாலை போட்டு எல்லாம் ஆயிற்று. சரோஜா அண்ணி கடைச் சேலையைத் தட்டில் வைத்துத் தயாராக நின்றார். அப்போது கதவு திறந்தது. ரூபிணி குளித்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. கவுனை இஸ்திரி போட்டு மடித்து எடுத்து வந்து அந்தத் தட்டில், கடைச் சேலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பண்டாரம் காலரைப் பார்த்தார். பொத்தான்களைப் பார்த்தார். "இது... ஊசி பட்டதுங்களே. கோடிக்கு ஆகாதுங்க."

"ஊசி ஆருங்க போட்டது?" என்றார் அண்ணன். "செத்தவர் புள்ளை போட்டது. வெளியாள் போடலையே."

"இல்லீங்க, வழக்கம்னு ஒண்ணு..."

"தம்பி பொண்ணு தச்சதுலா பண்டாரம், நீங்க பேசாம மந்திரத்த சொல்லுங்க" என்றார் சரோஜா அண்ணி.

அண்ணன் கவுனை எடுத்தார். விரித்து என் தலைமேல் போட்டார். வெள்ளைக் காலர் ஒரு காதின்மேல் விழுந்தது. பெரிய பொத்தான் ஒன்று கன்ன எலும்பில் இடித்தது. வலித்தது. என் கன்னம்தான்.

அவர் கை என் தலைமேல் சிறிது நேரம் இருந்தது. ஊரில் என்றால் இந்த நேரத்தில் ஒப்பாரி கிளம்பும். இங்கே மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும்.

பிறகு ரூபிணி கை நீட்டினாள். உள்ளங்கையில் ஒரு துண்டுத் துணி. "மாமா, மூலைல இந்தக் கறை இருந்துச்சு. அதான் வெட்டிப் போட்டேன். கூடைலருந்து தேடி எடுத்தேன்."

மெரூன் கட்டத்தின்மேல், கட்டைவிரல் அகலத்துக்கு, பூசின மஞ்சள்.

கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும் எடுக்கிற புதுத் துணியில்தான் மஞ்சள் வைப்பார்கள். புருஷனை இழந்தவளின் கோடியில் யாரும் வைக்க மாட்டார்கள். சரோஜா அண்ணி அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கடைக்காரன் வெச்சுட்டான் போல" என்றார் அண்ணன், வாசலைப் பார்த்துக்கொண்டு.

கடைக்காரர்கள் மஞ்சள் வைப்பதில்லை, துணி எடுத்தவர்தான் வைப்பார். ஒரு வருடம் அது கம்பளிக்கு அடியில் பிரிக்கப்படாமல் இருந்திருக்கிறது.

7

அண்ணன் ஊருக்குப் போய்விட்டார். போகும்போது, கண்டக்டராக இருந்த காலத்தில் போட்ட மாதிரி நாய்க்காது காலர் வைத்து ஒரு சட்டை தைத்துத் தரச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார். ரூபிணி அளவு எடுத்துக்கொண்டாள். ஆனால் தைக்கவில்லை. மெஷின் சத்தம் கேட்காமலே நாட்கள் போயின. நான் கதவுக்கு வெளியே நின்று நின்று திரும்பினேன். முன்போலச் சாப்பாட்டை வெளியே வைக்கவில்லை. தட்டினேன். ஒவ்வொரு வேளையும் தட்டினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டாவது வந்து உட்கார்ந்தாள்.

நேற்றுக் காலையில் மெஷின் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். கவுனின் இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, மிச்சத் துணியை உள்ளே கொடுத்து அகலமாக்கிக்கொண்டிருந்தாள். நூருல் ஒல்லி. நான் அப்படி இல்லை. மஞ்சள் துண்டைக் காலருக்கு உட்புறம், பிடரி படும் இடத்தில் வைத்துத் தைத்திருந்தாள்.

"நான் கவுன் போடறதா?" என்றேன்.

"வீட்டுல நைட்டி போடுறதானே. அது மாதிரி நெனச்சுக்கோ." தலை நிமிராமல் சொன்னாள். பிறகு நிமிர்ந்தாள். "ம்மா, பிரிச்சதுல ஒரே சாக்பீசு கோடு. இத தொவைக்கலாமா? கூடாதா?"

'சரி' என்று வாய் வரை வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன். உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. அண்ணனை அழைத்துக் கேட்டேன். பஸ் ஹாரனுக்கு நடுவே அவருக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"போட்டா அழுக்காகும். அழுக்கானா தொவைக்கோணும்" என்றார். "இதுல என்ன அம்மிணி சந்தேகம்?"

நானே துவைத்தேன். இப்போது கொடியில் கிடக்கிறது. மஞ்சள் கொஞ்சம் இறங்கி வெள்ளைக் காலரில் படிந்திருக்கிறது. செம்பனைத் தோட்டத்தின் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வருகிறது. எழுந்து போய் அதை எடுக்க வேண்டும்.